தகடூர் நாட்டு நடுகற்களும் நமது பதிவேடுகளும்

தருமபுரி மாவட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பதிவேடுகளைப் புரட்டுவோர்க்கு 'வேடியப்பன்' என்னும் பெயர் அடிக்கடி எதிர்ப்படும். 'வேடி' என்றும், 'வேடியம்மாள்' என்றும் அதன் வேறு வடிவங்களும் உண்டு. பிற மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வரும் அலுவலர்கள், இது ஏதோ ஓர் உள்ளூர்த் தெய்வத்தின் பெயர் என எண்ணி அடுத்த வரிக்குச் சென்றுவிடுவர். நானும் தொடக்கத்தில் அவ்வாறே சென்றவன்தான். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை ஓர் ஆண்டுத் தணிக்கையின்போது, சங்கக் கிடங்கின் பின்புறத்தில் நின்ற ஒரு கல்தான் எனக்குக் கற்பித்தது.

உர மூட்டைகளை எண்ணி முடித்து வேப்பமர நிழலில் சற்று நின்றிருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த ஒரு பலகைக் கல் அங்கே பாதி புதைந்து நின்றது. அதில் வில்லேந்திய ஆடவன் ஒருவனின் உருவம். அவன் காலடியில் சிறு கலம் போன்ற ஒன்று. தலைக்கு மேல் தேய்ந்துபோன எழுத்து வரிகள். செயலாளரிடம் வினவினேன். "அவர் எங்கள் வேடியப்பன் சாமி, ஐயா. எங்கள் பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே இங்கேதான் இருக்கிறார். கிடங்கு கட்டும்போது கூட அவரை நகர்த்தவில்லை" என்றார். சாமியின் வரலாறு யாது என்று கேட்டதற்கு, "சாமிக்கு வரலாறு ஏது, ஐயா?" என்று சிரித்தார்.

வரலாறு உண்டு. அதனை நமது சங்க உறுப்பினர்கள் அறிந்துகொள்வது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. பொதுக் காரியத்தில் ஒருவர் செய்ததை ஊர் எவ்வாறு எழுதி வைத்தது, எழுதியதை எவ்வாறு காத்தது என்பதை அறிவதற்காகவே இப்பாடம் எழுதப்படுகிறது.

வேடியப்பன் என்று இப்பகுதியில் வழிபடப்படும் கற்களுள் பல, நடுகற்கள். போரிலோ, ஆநிரை மீட்கும் பூசலிலோ, ஊரைக் காக்கும் முயற்சியிலோ உயிர் நீத்த வீரனுக்காக ஊரார் நட்ட கல் அது. தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களின் வயல்களிலும், ஏரிக்கரைகளிலும், புளியந்தோப்புகளிலும் இக்கற்கள் மிகுதியாகக் காணக்கிடக்கின்றன. 1970களில், இரா. நாகசாமி அவர்கள் தலைமை வகித்த காலத்தில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று இவற்றைத் தேடிப் படியெடுத்து நூல்களாக வெளியிட்டனர். அதுவரை வெறும் சாமிக் கற்களாக நின்றவை, அன்றிலிருந்து பெயரும் ஊரும் ஆட்சியாண்டும் உடைய மனிதர்களின் கற்களாயின. அவற்றுட் சிலவற்றைத் தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் இன்று எவரும் காணலாம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான் மரபினர் இங்கிருந்து ஆண்டனர். அவர்களுள் நெடுமான் அஞ்சியின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை அறியாத தமிழர் இலர். ஆயின் நமது கரும்பு விவசாயிகள் அறியாத ஒரு செய்தி உண்டு. அஞ்சியின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஒரு பயிரைக் கொண்டுவந்து நட்ட செயலை, கொடைக்கும் போர்வெற்றிக்கும் நிகராக வைத்துப் புலவர் போற்றியது கருதத்தக்கது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்த இம்மாவட்டத்தில், கரும்பின் வரலாறு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு பாட்டில் பதிவாகியிருக்கிறது.

அதியமான் கற்பனை மாந்தன் அல்லன் என்பதற்குக் கல்லே சான்று. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தைக் குறிப்பிடுகிறது. அசோகப் பேரரசனின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் எண்ணப்படும் 'சதியபுத்திரர்' யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். அதற்கு ஜம்பையின் ஒரே வரி விடையளித்தது. சுருங்க எழுதினும் பெயரைத் தெளிவாக எழுதியமையால் வந்த பயன் இது. இதற்கு மாறாக, பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்ற போரைப் பற்றி எழுந்த 'தகடூர் யாத்திரை' என்னும் முழுநூல் மறைந்துபோயிற்று. பிற்காலத் தொகை நூலிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சின. படி எடுத்துக் காப்பார் இன்றேல் பெருநூலும் அழியும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தாலும் கல்லில் வெட்டிய ஒரு வரி நிற்கும்.

அஞ்சி இறந்தபின் அவனுக்கும் கல் நடப்பட்டது. அக்கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்த்துப் படைக்கும் காட்சியைக் கண்டு ஔவையார் மனம் கலங்கிப் பாடிய பாட்டும் புறநானூற்றில் உள்ளது. மலையோடு கூடிய நாட்டையே தந்தாலும் ஏற்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என்பது அவர் வினா. கிடங்கின் பின்னால் நான் கண்ட கல்லில் வீரனின் காலடியில் இருந்ததும் அத்தகைய சிறு கலமே. புலவர் பாடிய வழக்கத்தைச் சில நூற்றாண்டுகட்குப் பின் வந்த சிற்பி தன் உளியால் காட்டியிருக்கிறான். இன்றும் இப்பகுதியில் சில இடங்களில் வேடியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதைக் காண்போர் அதனை நாகரிகமற்ற வழக்கம் என்று முகம் சுளிப்பதுண்டு. அதன் வேர் எத்துணை ஆழமானது என்பதை அவர்கள் அறியார். (மதுப்பழக்கத்துக்கு இதனை ஆதரவாகக் கொள்ள வேண்டா என்று இங்கே ஒரு சொல் கூறி வைப்பது என் கடமை.)

இனி, கல் நடும் முறையைக் காண்போம். தொல்காப்பியம் இதனை ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனைக் கொண்டுவர நாள் குறித்துத் தொடங்குவது கால்கோள். நீரிலிட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. கல்லை நிலத்தில் நிறுத்துவது நடுதல். படையலிடுவது பெரும்படை. இறுதியில் வாழ்த்துதல். இவ்வாறில் எதுவும் ஒருவர் தனியே செய்யக்கூடியது அன்று என்பதைக் கவனிக்க. கல்லைப் புரட்டுவதற்கே பத்துக் கைகள் வேண்டும். இறந்தவனின் குடும்பம் மட்டும் செய்யும் ஈமக்கடன் வேறு. ஊர் கூடிச் செய்யும் இச்சடங்கு வேறு.

கல்லில் என்ன எழுதினர்? பல்லவர் காலத்து நடுகற்களின் வட்டெழுத்து வாசகங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பின்னர் நாட்டுத் தலைவன் பெயர், அதன்பின் வீரன் யாருடைய மகன் அல்லது யாருடைய சேவகன், எந்த ஊரினன் என்பது, அதன்பின் நிகழ்ச்சி. 'தொறு' என்றால் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை. எவர் தொறுவை எவர் கவர்ந்தார், அதனை மீட்கும்போது வீரன் எவ்வாறு பட்டான் என்பவை சொல்லப்பட்டு, 'இன்னாரது கல்' என்ற அளவில் வாசகம் முடியும். மிகைச்சொல் ஒன்றும் இராது. காலம், ஆள், ஊர், காரணம் ஆகிய நான்கும் நாலைந்து வரியில் அடங்கிவிடும். இன்றைய தணிக்கை அலுவலர் ஒருவர் ஒரு பதிவில் எவற்றை எதிர்பார்ப்பாரோ அவை அனைத்தும் அதில் உள!

நெசவாள அன்பர் ஒருவருடன் அகழ்வைப்பகத்துக்குச் சென்றிருந்தேன். எழுத்தைப் படிக்க நான் முயன்றுகொண்டிருந்தபோது அவர் வீரனின் இடுப்பையே நோக்கிக்கொண்டிருந்தார். இடைக்கச்சையின் முனை ஒரு பக்கம் தொங்குவதையும், அதன் மடிப்புகள் விரிந்திருப்பதையும் சுட்டி, "மெல்லிய துணியாயிருந்தால்தான் இப்படி விசிறி போல் விழும். முரட்டுத் துணி விறைத்து நிற்கும்" என்றார். சிற்பி அதனை எண்ணிச் செதுக்கினானோ என்பது வேறு கேள்வி. ஆயினும் தொழில் அறிந்தவரின் கண் எழுத்தறிந்தவரின் கண்ணுக்குப் படாததைக் காண்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

மனிதர்க்கு மட்டுமே கல் நட்டனர் என்பதும் இல்லை. தென்பெண்ணைக்கு அப்பால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று உள்ளது. அதில் வீரனுடன் நாய் ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளது. வீரன் பட்டபின் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும், கோவிவன் என்ற அதன் பெயரும் அக்கல்லில் எழுதப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர் தன் மந்தையைக் காத்த நாயின் பெயரை மறவாமல் பொறித்து வைத்தது. நமது சங்கங்கள் சிலவற்றில், இருபது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற இரவுக் காவலரின் முழுப்பெயரைக் கேட்டால், 'வாட்ச்மேன்' என்பதற்கு மேல் எவருக்கும் விடை தெரிவதில்லை.

ஆநிரை அக்காலத்து ஊர்ச்செல்வம். இன்று பால் உற்பத்தியாளர் சங்கத்தில் காலையும் மாலையும் வரிசையில் நிற்கும் நமது உறுப்பினர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாடு போனால் குடும்பம் போயிற்று. மந்தையைக் கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கண நூலோர் பெயரிட்டனர். மீட்கச் சென்றவன் தன் மாட்டுக்காக மட்டும் செல்லவில்லை. ஊர் மந்தைக்காகச் சென்றான். ஆகவே அவன் வீழ்ந்தபோது ஊருக்கு ஒரு கடன் ஏற்பட்டது.

அந்தக் கடனை ஊர் கல் நடுவதோடு முடித்துக்கொள்ளவில்லை என்பதே இதில் முதன்மையான செய்தி. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் அளிக்கும் வழக்கம் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் அத்தகைய நிலம் 'உதிரப்பட்டி' எனப்படும். அண்டையிலுள்ள கன்னட நாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே 'நெத்தரு கொடகெ' என்பர். இரண்டின் பொருளும் ஒன்றே: சிந்திய குருதிக்கு ஈடான கொடை. கூட்டுறவுத் துறையில் குடும்ப நல நிதி, நெசவாளர் குடும்ப ஓய்வூதியம் என்று நாம் நடத்தும் திட்டங்களுக்கு இது மூதாதை எனலாம். தொகை வேறு, சட்டம் வேறு, முறை வேறு. பொதுவுக்காக உழைத்தவனின் வீட்டில் அடுப்பு அணையக்கூடாது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

தகடூர் தமிழ் மட்டுமே வழங்கிய நாடன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்ப மன்னர் ஆட்சி இங்குப் பரவியது. தருமபுரியிலுள்ள கி.பி. 878ஆம் ஆண்டின் தூண் கல்வெட்டு, மகேந்திர நுளம்பன் காலத்தில் நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகச் சகோதரர் இருவர் தகடூரில் சமணப் பள்ளி ஒன்று எழுப்பியதைக் கன்னடத்தில் கூறுகிறது. அரசனிடமிருந்து ஓர் ஊரைப் பெற்று அதனை அப்பள்ளிக்கு வழங்கினர். 893இல் அப்பள்ளிக்கு மேலும் ஒரு கொடை கிடைத்தது. இன்றும் இம்மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடைபெறும் காலை நேரத்தில் சென்று நின்றால், கூட்டின் விலையை எத்தனை மொழியில் முணுமுணுக்கிறார்கள் என்பது விளங்கும். மல்பெரி பயிரிடுவோரும் பட்டு நூற்போரும் விலையில் மாறுபடுவர். மொழியில் மாறுபட்டுச் சண்டையிட்டதை நான் கண்டதில்லை.

இத்தகைய கற்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. ஐரோப்பாவில் அட்ரியாடிக் கடலை அடுத்த குரோவேசிய நாட்டில் சிஸ்தா வெலிகா என்றொரு சிற்றூர். அதன் சாலையோரத்தில் நடுக்காலத்துச் சுண்ணாம்புக் கல்லறைக் கற்கள் பெரிய பெரிய பெட்டிகள் போலக் கிடக்கின்றன. 'ஸ்டெச்சக்' எனப்படும் இவ்வகைக் கற்கள் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை நடப்பட்டவை. வேட்டைக் காட்சியும், மானும், கேடயமும் வாளும், கைகோத்து வட்டமாக ஆடும் மக்களும் இவ்வகைக் கற்களில் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாட்டுப் பகுதிகளில் மூவேறு திருச்சபைகளைச் சார்ந்தோர் வாழ்ந்தனர். வழிபாட்டில் வேறுபட்டும், கல் நடுவதில் மட்டும் ஒரே வழக்கத்தைக் கைக்கொண்டனர். 2016ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, போஸ்னியா, குரோவேசியா, மாண்டிநீக்ரோ, செர்பியா ஆகிய நான்கு நாடுகளிலுமுள்ள இத்தகைய கல்லறைத் தொகுதிகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சில பத்தாண்டுகட்கு முன்பு தம்முள் கொடிய போர் நடத்திய நாடுகள், முன்னோர் கற்களுக்காக ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டன. நமது வயலோரக் கற்கள் அவற்றைவிட வயதில் மூத்தவை. அவற்றுள் பலவற்றின் மீது இன்று வேட்டி துவைக்கிறார்கள்.

ஊர்ப் பொதுவாழ்வின் மற்றொரு பக்கத்தையும் இங்கே கூற வேண்டும். வேடியப்பனுக்கோ மாரியம்மனுக்கோ விழா எடுக்கும்போது தலைக்கட்டு வரி தண்டும் வழக்கத்தை உறுப்பினர்கள் அறிவர். மணமான ஆடவர் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. செல்வர் என்று கூட்டியும் வறியர் என்று குறைத்தும் வாங்குவதில்லை. விழா முடிந்த மறுநாள் ஆலமரத்தடியில் வரவு செலவு படிக்கப்படும். பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று வாசிக்கும்போது, "போன வருசம் மேளக்காரர் கூட ரெண்டு பேர் இருந்தாங்களே, காசு மட்டும் குறையலையே?" என்று எவரேனும் எழுந்து கேட்பர். அதற்கு விடை கூறாமல் கணக்கு முடிவதில்லை. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியும் அங்கே தணிக்கை அலுவலரே. நமது சங்கங்களின் பொதுப்பேரவைக் கூட்டத்தில், இருநூறு பக்க அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தேநீர் வருகிறதா என்று வாசலை நோக்கும் உறுப்பினரும் அதே ஊரார்தாம். மரத்தடியில் வாய் திறப்பவர் மண்டபத்தில் வாய் மூடுவதன் காரணம் நாம் ஆராயத்தக்கது. கணக்கை அவர்கள் மொழியில் நாம் படிப்பதில்லை என்பதே என் எண்ணம்.

ஆயினும் பழைய முறையைக் குற்றமற்றதென்று நான் போற்றவில்லை. தலைக்கட்டுப் பட்டியல் பல ஊர்களில் ஒரு தெருவோடு நின்றது. அத்தெருவுக்கு அப்பால் வாழ்ந்தோர் பறை முழக்கினர், பந்தற்கால் நட்டனர், பாடுபட்டனர். பட்டியலில் அவர் பெயர் இல்லை, மரத்தடியில் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. கணவனை இழந்த பெண் நடத்தும் குடும்பம் அரைத் தலைக்கட்டு என்றும் ஊர்க்கு ஊர் வழக்கம் வேறுபட்டது. கூட்டுறவு இயக்கத்தின் முதற்கொள்கை கதவைத் திறந்து வைத்தல். சாதியும் சமயமும் ஆண் பெண் வேற்றுமையும் பாராது எவரும் உறுப்பினராகலாம், எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவர்க்கு ஒரே வாக்கு என்பது நமது சட்டம். மரத்தடியிலிருந்து கேள்வி கேட்கும் துணிவை எடுத்துக்கொண்டு, தெருவின் எல்லைக்கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

இம்மாவட்டத்தின் அண்மைக் காலத்திலும் பொதுவுக்காக உயிர் தேய்ந்தவர் ஒருவர் உண்டு. கோபாலபுரத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலை அவர் பெயரையே தாங்கியுள்ளது. சுப்பிரமணிய சிவா 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு சிறை புகுந்து, சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளானவர். பிற்காலத்தில் பென்னாகரத்தை அடுத்த பாப்பாரப்பட்டிக்கு வந்து, நண்பர்களின் துணையோடு நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டார். சாதி வேற்றுமையின்றி அனைவரும் வழிபடப் பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்புவது அவர் கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே 1925ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் சிவா பாப்பாரப்பட்டியில் காலமானார். ஆலையின் சீட்டில் அவர் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டும், 'சிவா' என்றால் சிவபெருமான் என்று எண்ணிய கரும்பு உறுப்பினர் ஒருவரை நான் அறிவேன். பெயரை மட்டும் எழுதிக் காரணத்தை எழுதாவிடின் நேர்வது இதுவே. வில்லேந்திய வீரன் வேடியப்பன் ஆனதும் இவ்வழியில்தான்.

இப்போது நமது பதிவேடுகளுக்கு வருவோம்.

தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொருள் குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இவ்வொரு வரியை எழுதாத சங்கம் இல்லை. யார் கூறினார், எதிர்த்தவர் எக்காரணம் காட்டினார், எத்தொகை எதன்பொருட்டு அளிக்கப்பட்டது என்பவை இரா. பத்தாண்டு கழித்து அதனைப் படிப்பவர்க்கு அது தேய்ந்த கல்லினும் மோசமானது. தேய்ந்த கல்லில் ஒரு காலத்தில் எழுத்து இருந்தது என்றேனும் கூறலாம். நெசவாளர் சங்கங்களிலும் இக்குறை உண்டு. ஒரு புதிய கரையையோ முந்தியையோ அமைத்த நெசவாளரின் பெயர் மாதிரிப் புத்தகத்தில் ஏறுவதில்லை. எண் மட்டும் ஏறும். வடிவம் விற்றுப் புகழ் பெற்றபின், அது தம் தந்தையார் கைவண்ணம் என்று பிள்ளைகள் கூறினால் சான்று எங்கே?

இவற்றினும் துயரமானது உறுப்பினர் பதிவேட்டின் வாரிசு நியமனப் பத்தி. இதில் என் பிழையும் கலந்திருப்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு விவசாயிகள் சங்கத்தில் முப்பது ஆண்டு உறுப்பினராயிருந்த ஒருவர் கிணற்று வேலையின்போது இறந்தார். வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது அவர் கிணறன்று, அண்டை வீட்டாருடையது. மண் சரிந்தபோது உள்ளே இருந்த இளைஞன் ஒருவனை மேலே தள்ளிவிட்டுத் தாம் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய பங்குத் தொகையும் சிக்கன வைப்பும் மனைவிக்குச் சேர வேண்டும். பதிவேட்டைப் பிரித்தால் வாரிசு நியமனப் பத்தி வெறுமையாக இருந்தது. முப்பது ஆண்டில் எத்தனையோ அலுவலர்கள் அப்பதிவேட்டில் கையொப்பமிட்டிருந்தனர். கடைசி இரண்டு கையொப்பங்கள் என்னுடையவை. பேரேட்டின் கூட்டல் சரியாயிருக்கிறதா என்று பார்த்தேனேயன்றி அப்பத்தியைப் பார்க்கவில்லை.

அந்த அம்மையார் வாரிசுச் சான்று பெறுவதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமன்று. ஒரு முறை பேருந்துக்குக் காசு இன்றி அண்டை வீட்டாரிடம் கடன் வாங்கிச் சென்றதாகச் செயலாளர் கூறினார். தொகை இறுதியில் வந்து சேர்ந்தது. அது பெருந்தொகையும் அன்று. ஆனால் வரவேண்டிய காலத்தில் வரவில்லை. தொகையை அளிக்கச் சென்றபோது அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "அவர் பேரை நோட்டிலே அடிச்சிடுவீங்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கத்தான் வேண்டும். இறந்த உறுப்பினரின் பெயரைச் சிவப்பு மையால் கோடிட்டு, தீர்மான எண்ணைக் குறிப்பது விதி. இறந்த காரணத்தை எழுத அப்பதிவேட்டில் இடமே இல்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் இதே மண்ணில், மந்தையை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல்லும் எழுத்தும் குடும்பத்துக்கு நிலமும் அளித்த ஊர்கள் இருந்தன. அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

கற்களின் நிலையையும் கூறிவிடுகிறேன். சாலை அகலப்படுத்தும்போதும், வயலைச் சமன் செய்யும்போதும், கிணற்றுக்குப் படிக்கல் தேடும்போதும் நடுகற்கள் உடைகின்றன. நல்லெண்ணத்தாலும் அழிவு நேர்கிறது. கல்லுக்கு வண்ணம் பூசுவோரும், சிமெண்டு மேடை கட்டி எழுத்து வரியையே புதைத்து விடுவோரும், எழுத்தைப் படிக்கவேண்டும் என்ற ஆர்வத்தில் கம்பியால் சுரண்டுவோரும் உளர். உங்கள் நிலத்தில் உருவமோ எழுத்தோ உள்ள கல் நின்றால் அதனைப் பெயர்க்காதீர்கள். வழிபாட்டை நிறுத்தவும் வேண்டா. எண்ணெயையும் சாந்தையும் எழுத்துப் பகுதியில் தவிர்த்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தருமபுரி அகழ்வைப்பகத்திலோ தெரிவியுங்கள். மண்ணுக்குள் மறைந்திருந்து தோண்டும்போது வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பழம்பொருளைப் பற்றி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. தெரிவித்தால் நிலத்தை அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற அச்சம் ஊர்களில் பரவியிருக்கிறது. ஒரு கல்லைத் தெரிவித்த காரணத்தால் மட்டும் பட்டா நிலம் பறிபோன உறுப்பினர் எவரையும் நான் கண்டதில்லை.

கிடங்கின் பின்னால் கல் நிற்கும் சங்கத்தில், சென்ற பொதுப்பேரவையின்போது இரண்டு செயல்கள் நடந்தன. கூட்டம் முடியுமுன் உறுப்பினர் ஒவ்வொருவரையும் பெயர் கூறி அழைத்து, வாரிசு நியமனப் பத்தி நிரப்பப்பட்டது. மாலை விளக்கு ஏற்றியபின்னும் வரிசை முடியவில்லை. மற்றொன்று, கட்டு போட்ட தடித்த குறிப்பேடு ஒன்று புதிதாக வாங்கப்பட்டது. சட்டம் வேண்டும் பதிவேடுகளுள் அது ஒன்றன்று. ஆகையால் தணிக்கையில் அதனைக் கேட்கும் அதிகாரமும் எனக்கில்லை. அதன் முதற்பக்கத்தில் செயலாளரின் கையெழுத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது:

'கல் ஒன்று. கிடங்கின் வடபுறம், வேப்பமரத்தடி. உயரம் தரைக்கு மேல் ஏறத்தாழ மூன்றடி. வில்லேந்திய வீரன். எழுத்து நான்கு வரி, இன்னும் படிக்கப்படவில்லை.'

இரண்டாம் பக்கத்தில் கிணற்றில் இறந்த உறுப்பினரின் பெயரும், அவர் தந்தை பெயரும், ஊரும், நாளும், அவர் மேலே தள்ளிவிட்ட இளைஞனின் பெயரும் உள்ளன. அப்பக்கத்தை எழுதியவன் அந்த இளைஞன்.